உடுன்னு சொன்னது நாந்தான்

இல்லீங்க டீச்சர், நீங்க சொல்றது தப்பு. நான் சொன்னதுக்கு அப்பறந்தான் அவன் உட்டான். முன்னால இல்லீங்க. பேக்கரிக்காரன் என்னத்தைக் கண்டான்? அவன் மேல்ரோட்டுல நின்னு பன்னு வித்துட்டு இருந்தவன். அங்கிருந்து பார்த்தா என்ற தலை தெரியும், கை தெரியும். சத்தம் கேக்குமா? "இரும்பு உழுந்ததுக்கு அப்பறந்தான் அந்தம்மா கையையே தூக்குச்சு"ன்னு சொல்றானாமா. கையைத் தூக்குனா என்ன, தூக்காட்டி என்ன? நான் சொன்னது வாயில. "உடு தங்கவேலு"ன்னேன். பெத்தவ சொன்னா, புள்ள கேட்டான், கயித்தை உட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஸ்டேசன்லயும் இதைத்தான் சொன்னேன். வர்ற வியாழக்கிழமை கோர்ட்டுல கூப்புட்டுக் கேப்பாங்க, அங்கயும் இதைத்தான் சொல்லப் போறேன். நான் சொன்னாத்தான் என்ற மூத்தவன் ஊட்டுல இருப்பான். சொல்லாட்டி கோயமுத்தூரு ஜெயிலு. இதுல பேக்கரிக்காரனுக்கு என்ன வந்துச்சு?

உக்காருங்க, நின்னுட்டே இருக்கறீங்க. ரூமு பாக்க வந்தவங்க ரூமைப் பாக்காம என்ற மூஞ்சியப் பார்த்துட்டு இருந்தா எப்படி. இதுதான் ரூமு. மேல பாருங்க. தகர ஷீட்டு, அதுக்குக் கீழ பஞ்சு, பஞ்சுக்குக் கீழ இந்தப் பிளைவுட்டு. மழை பேஞ்சா சத்தம் வராது, வெயிலடிச்சா வேகாது. சுவரு மட்டும் பழைய கண்ணாடி. துணி கட்டிக்கிட்டா போச்சு. போன வருசம் வரைக்கும் மேலயும் கண்ணாடிதானுங்க. பொறந்ததுல இருந்து கண்ணாடி. வெள்ளைக்காரி ஒருத்தி பூச்செடி வெக்கறதுக்குன்னு கட்டுனது. கண்ணாடி வீடுன்னுதான் கோத்தகிரி பூராவும் பேரு. போஸ்ட்மேனே "கண்ணாடி வீட்டம்மா"ன்னுதான் கூப்புடுவான்.

நீங்க வரும்போது வாசல்ல சக்கர நாற்காலியில ஒருத்தன் வெயில் காஞ்சுட்டு இருந்தானே, அவந்தான் என்ற சின்னவன். கிட்டுசாமி. கிட்டுன்னு கூப்புடுவோம். இரும்பு உழுந்தது அவன் மேலதான். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லை. தலையில பட்டதுல பேச்சும் போச்சு. கேட்டா தலையாட்டுவான், அதுவும் சுலோச்சனா கேட்டாத்தான். சுலோச்சனா என்ற மருமக, மூத்தவன் தங்கவேலு சம்சாரம். அவன் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில வெறகு ஒடைக்கறான், கேக்குதுங்களா? டொக்கு டொக்குன்னு. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி ஒடைப்பான். காலையில ஸ்டேசனுக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்தா வேற வேலை இல்லை பாருங்க. வெறகு பாதிக்கு மேல மக்கிப் போச்சு. ஒடைக்கட்டும். கையும் காலும் சும்மா இருந்தா அவனுக்கு ஆகாது, அவங்கப்பனாட்டம்.

அவங்கப்பன் கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு இந்தக் கூரை புரியும். அவரு உருளைக்கெழங்கு யாவாரி. அன்னூருப் பக்கம் நாங்க. லாரியில கெழங்கு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போறது வர்றது. இந்த ஊட்டை வாங்கி என்னையக் கூட்டியாந்து நடுவுல நிக்க வெச்சு, "பாரு, ராணி மாதிரி இருக்கோணும்"ன்னாரு. நானும் அண்ணாந்து பார்த்தேன். மேகம் போறது தெரியுது, கிளி பறக்கறது தெரியுது. கூடவே மேல்ரோடும் தெரியுது. மலைச்சரிவு பாருங்க, ரோடு நம்ம தலைக்கு மேல போகுது. பஸ் ஸ்டாப்பு சரியா இதுக்கு மேல. அங்க நிக்கறவன் குனிஞ்சா நம்ம தட்டுல என்ன சோறுன்னு சொல்லிருவான்.

அவரு நல்ல மனுசந்தான். அடிப்பாரு. அது இருக்குது. லாரி பஞ்சரானா அடிப்பாரு, கெழங்கு அழுகுனா அடிப்பாரு. எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். ஆனா எல்லா ஊட்லயும் கூரை இருந்துச்சு. என்ற ஊட்லதான் இல்லை. சமையக்கட்டுல ஆரம்பிச்சா நான் இங்க ஓடியாருவேன், வாசக்கதவு இங்கதானே இருக்குது. அவரு கதவைச் சாத்திப் போட்டு இங்க வெச்சு அடிப்பாரு. குடைக் கம்பி, பெல்ட்டு, ஒருவாட்டி தராசுத் தட்டு. மேல பஸ்ஸுக்கு நிக்கறவங்க பூரா வேலியில சாஞ்சுட்டுப் பார்ப்பாங்க. ஒரு நாள் கீழ உழுந்து மல்லாந்து கெடக்கறேன், கண்ணைத் தொறந்தா நேரா மேல ஒரு கண்டக்டரு. விசில் வாயில இருக்குது, ஊதலை. எங்கூட்டுக்காரரு முடிச்சுப் போட்டு உள்ள போனதுக்கு அப்பறந்தான் ஊதுனான். பஸ்ஸு அஞ்சு நிமிசம் லேட்டு, என்னால. அடுத்த நாள் மார்க்கெட்டுக்குப் போனா கறிவேப்பில விக்கறவ கேக்கறா, "என்னக்கா, முழங்கை வீங்கலியா?" எந்த முழங்கைன்னு அவளுக்குத் தெரியுது டீச்சர்.

அடி வலிச்சதைவிட அதுதான் எனக்கு வலிச்சுது. அப்பவே நெனச்சேன், சாகறதுக்குள்ள இதை மூடோணும்னு.

ஆலங்கட்டி மழை மூடிக் குடுக்கும்னு பார்த்தேன். ஒரு சித்திரையில பேஞ்சுது, எலுமிச்சங்காயி தண்டி. பதினாலு கண்ணாடி போச்சு. ஒரு துண்டு வந்து இதோ இங்க, புருவத்துல குத்தி நிக்குது, ரத்தம் கண்ணுல ஊத்துது. இனிமே தகரம் போட்டுருவாருன்னு சந்தோசப்பட்டேன். ஆளு என்ன பண்ணுனாரு, கோயமுத்தூருக்குப் போயி புதுக் கண்ணாடி வாங்கியாந்து மாட்டிப் போட்டாரு. "வெள்ளைக்காரி வெச்ச மாதிரியே இருக்கோணும்"னு. என்னைய ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கு இல்லை, மக்கா நாள்தான் கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடிதான் மொதல்ல.

அப்பறம் காட்டெருமை வந்த கதை. இதைச் சொல்லாம இருக்க முடியாது, சித்த பொறுங்க. தங்கவேலுக்குப் பத்து வயசு, கிட்டுக்கு ஆறு. விடியக்காலம் ஒரு காட்டெருமை தேயிலைக்குள்ள இருந்து எறங்கி வாசலுக்கு வந்துருச்சு. கண்ணாடியில அதும் உருவம் தெரியுது. இன்னொரு எருமை நிக்குதுன்னு நெனச்சுக்கிச்சு. முட்டுச்சு பாருங்க. சுவத்துக் கண்ணாடி சடசடன்னு சரிஞ்சுது, அது முன்னங்கால் ரெண்டும் உள்ள, மீதி வெளிய. கழுத்துல ஒரு பாளம் கண்ணாடி எறங்கிக் கெடக்குது. ரத்தம் பீச்சி பிளைவுட்டு... அப்ப பிளைவுட்டு ஏது, இந்தச் செவுரு பூராவும். எந்திரிக்க முடியாம கத்துது. எங்களுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. என்ற தங்கவேலு என்ன பண்ணுனான் தெரியுங்களா? கதவுக்குப் போடற கட்டையை எடுத்துட்டுப் போயி அதும் மூஞ்சியிலயே போட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எண்ணிப் போட்டான். அது கண்ணு வெளிய வந்ததுக்கு அப்பறமும் போட்டான். பத்து வயசுல. பயம்னா என்னன்னு தெரியாதுங்க அவனுக்கு. கிட்டு அந்தத் தூணைக் கட்டிப் புடிச்சுட்டு ஓன்னு அழுவறான், "உடுண்ணா, உடுண்ணா"ன்னு. ஆம்பளப் புள்ள அழுதா எனக்கு ஆகாது. வெச்சேன் கன்னத்துல ஒண்ணு. வாயில ரத்தம் வந்துருச்சு. பாரஸ்ட்டு ஆபீசருங்க வந்து கேட்டப்ப எருமை தானா மோதிச் செத்துதுன்னு சொன்னேன். அப்பவும் நாந்தான் சொன்னேன்.

கையிலீங்களா? இது ஒண்ணுமில்லை, கதவுல இடிச்சுக்கிட்டேன். வயசாச்சுன்னா தொட்டாலே நீலம் பூக்குது.

எதுல உட்டேன்? ஆங், கூரை. எங்கூட்டுக்காரரு போனதும் இதுக்குள்ளதான். நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தவரு சாஞ்சுட்டாரு. எனக்குத் தெரியாது, நான் சமையக்கட்டுல. மேல்ரோட்டுல இருந்து ஒருத்தன் ஓடியாந்து கதவைத் தட்டி, "அம்மா, அய்யா போயிட்டாருங்க"ங்கறான். என்ற புருசன் செத்தது எனக்கு முன்னால பஸ்ஸுக்கு நிக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அன்னைக்கே தங்கவேலுகிட்டச் சொன்னேன், "காரியம் முடிஞ்சதும் இதை மூடிரு சாமி." அவனும் "மூடிரலாம்மா"ன்னான். ரூமாக்கி வாடகைக்கு உடலாம்னு அவனுக்கும் ரோசனை.

கிட்டுதான் குறுக்க நின்னான். அவன் கல்யாணம் காச்சி எதுவும் பண்ணிக்கலை. அவனுக்குச் செடிதான் எல்லாம். இதுக்குள்ள நூறு தொட்டி. பிகோனியா, ஆர்க்கிட்டு, தொங்கட்டானாட்டம் ஒரு பூவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு நேரம், ஒரு அளவு தண்ணி. மே மாசம் பூ கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போவான், கப்பு வாங்கிட்டு வருவான். "மேல மூடுனா வெளிச்சம் வராதும்மா, அத்தனையும் செத்துப் போகும்"னான். செடிதானே, வெளிய வெய்யின்னேன். "பனி கருக்கிரும்"னான். மூணு மாசம் இதே பேச்சு. சாப்புடும்போது இது, தண்ணி வாத்துக்கும்போது இது. ஒரு நாள் பார்த்தா தங்கவேலு வெல்டர் அந்தோணியக் கூட்டியாந்து அளவெடுக்கறான்.

வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே ரத்தம். தங்கவேலு செடியைத் தூக்கி வெளிய வெக்கச் சொல்றான். கிட்டு அசையலை. இவன் ஒரு தொட்டிய எட்டி ஒதைச்சான். மண்ணு, வேரு, பூவு எல்லாம் செதறுது. கிட்டு சின்னதா ஒரு கொத்து வெச்சிருப்பான் மண்ணைக் கெளர்றதுக்கு, அதை வீசிப் போட்டான் பாருங்க அண்ணன் மேல. காது பாதி கிழிஞ்சு தொங்குது. மொதல்ல கை வெச்சது கிட்டுதான், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. தங்கவேலு காதைப் புடிச்சுட்டே இன்னொரு கையில தம்பி கழுத்தைப் புடிச்சு அந்தக் கண்ணாடிச் சுவத்துல வெச்சு அமுக்குனான். கிட்டு முகம் கறுத்துப் போயி நாக்கு வெளிய வருது. அந்தோணியும் அவன் ஆளுங்களும் நாலு பேரு சேர்ந்து பிரிச்சாங்க. நானும் சும்மா இருக்கலை, ஒரு தொட்டியத் தூக்கிப் போட்டேன். யாரு மேலன்னு பார்த்துப் போடலை. கிட்டு முதுகுல பட்டுச்சு. பிரிக்கறதுக்குத்தானே போட்டேன்.

சுலோச்சனா அவங்க ரெண்டு பேத்துக்கும் மஞ்சள் வெச்சுக் கட்டுனா. மொதல்ல கிட்டுக்குக் கட்டிப் போட்டு அப்பறம் புருசனுக்குக் கட்டுனா. அது எனக்குப் புடிக்கலை.

மக்கா நாள் மேல இருந்த கண்ணாடி பூராவும் எறக்கியாச்சு. சட்டமும் எறக்கியாச்சு. வானம் பப்பரப்பான்னு தெரியுது. மூடறதுக்கு முன்னால நல்லாத் தொறந்துதான் ஆகோணுமாமா. மேல்ரோட்டுக்காரங்களுக்கு நோம்பி, தேர்த்திருவிழாவாட்டம். கூட்டம் கூட்டமா நின்னு பார்க்கறாங்க, பஸ்ஸு வந்தாக் கூட ஏற மாட்டேங்கறாங்க. இன்னும் ரெண்டே நாளு, அப்பறம் என்னத்தைப் பாக்கறீங்கன்னு நானும் பார்க்கறேன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

கூரையத் தாங்கறதுக்கு நாலு இரும்பு கர்டரு. இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு. மூணு ஏத்தியாச்சு. ஏத்துனதுல ஒரு கப்பியத் தொங்க உட்டு, கயித்துல கட்டி நாலாவதை இழுக்கறாங்க. கயித்தோட இந்த முனை இந்தக் கல்லுத் தூணுல. அந்தோணி பலே ஆளு. கயித்தைத் தூணுல ரெண்டு சுத்து சுத்தித்தான் புடிக்கோணும்னு எல்லாத்துக்கும் காட்டிக் குடுத்தான். ரெண்டு சுத்து இருந்தா ஒத்தை ஆளு ஒத்தைக் கையில யானையத் தொங்க உடலாமாமா, தூணே புடிச்சுக்குமாமா. சுத்தைப் பிரிச்சாத்தான் ஆபத்துன்னான். எனக்கே கத்துக் குடுத்தான், நான் கூடப் புடிச்சுப் பார்த்தேன். ஆமாங்க, இந்தக் கெழட்டுக் கையில புடிச்சேன், நின்னுச்சு.

பாதி ஏறும்போது அந்தோணி ஆளுங்களோட சோறு திங்க மேல்ரோட்டுக்குப் போனான். "வந்து ஏத்திக்கலாம், அப்படியே கட்டி வெச்சிருக்கேன்"ன்னுட்டுப் போனான். தங்கவேலு, "எதுக்கு அவனுக்காகக் காத்துட்டு"ன்னு முடிச்சை அவுத்துக் கயித்தைக் கையில எடுத்தான். அவன் அப்படித்தான், வேலை நின்னா புடிக்காது. கர்டரு அங்க, உங்க தலைக்கு நேரா, ரெண்டு ஆளு ஒசரத்துல ஆடிட்டு நிக்குது.

அப்பத்தான் கிட்டு உள்ள வந்தான். மிச்சம் இருந்த தொட்டி பத்து இருபது நடுவுல கெடந்துச்சு. நேரா வந்து அதுங்களுக்கு மத்தியில சம்மணம் போட்டு உக்காந்துட்டான். கர்டருக்குக் கீழ.

"எந்திரிடா"ன்னான் தங்கவேலு.

"நீ எறக்கு, நான் எந்திரிக்கறேன்"ன்னான் கிட்டு.

"எந்திரிக்கறியா இல்லியா?"

"என்ற தலைக்கு மேலதானே கூரை போடறே. போடு. எப்படிப் போடறேன்னு பார்க்கறேன்."

கிட்டு கழுத்துல அந்த அஞ்சு வெரலும் அப்படியே கறுப்பா இருந்துச்சு. அண்ணாந்து பார்க்கறான். கர்டரைப் பார்க்கலை, வானத்தைப் பார்க்கறான். செடிக்கு எத்தனை வெளிச்சம்னு பார்ப்பான் பாருங்க, அந்த மாதிரி. தங்கவேலு மூஞ்சியில எந்த ஒரு இதுவும் இல்லை. கோவமே இல்லை. அவங்கப்பனுக்காச்சும் கோவம் வரும், கண்ணு செவக்கும், நமக்குத் தெரியும் ஓடலாம்னு. இவன் எருமையை எண்ணி எண்ணிப் போட்டானே, அந்த மூஞ்சி. தூணுகிட்டக் கையக் கொண்டு போயி ஒரு சுத்து, இப்படி, நூல்கண்டு பிரிக்கற மாதிரி, அப்பறம் இன்னொரு...

இல்லை. அது வேற. அது காலையில, மூணாவது கர்டருக்கு. நான் மாத்திச் சொல்லிப் போட்டேன். எழுவத்தெட்டு வயசாகுது எனக்கு.

நான் அந்தக் கதவு நெலையில நிக்கறேன், கையில காப்பிச் சட்டி. சண்டை வேண்டாம்னு சொல்லோணும்னு நெனச்சேன். "உடு"ன்னேன். தம்பிய உடு, சண்டையை உடுன்னு அர்த்தம். அவன் கயித்தை உடச் சொன்னேன்னு நெனச்சுட்டான். ஒரே வார்த்தைதானே டீச்சர், நீங்க தமிழுதானே சொல்லிக் குடுக்கறீங்க, சொல்லுங்க பார்க்கலாம். உடுன்னா எதை உடறதுன்னு அந்த வார்த்தையில எங்க இருக்குது?

உழுந்த சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்குது. இரும்பு சத்தம் இல்லை. தொட்டி ஒடையற சத்தம், அதுக்குள்ள ஒரு... தேங்காய் ஒடைச்சாப்புல. ஒரு முனை தலையில வழிச்சுட்டுப் போயி இடுப்புல உக்காந்துருச்சு. மண்ணும் ரத்தமும் கலந்து அது கூழாட்டம் என்ற காலு வரைக்கும் வந்துச்சு. மேல்ரோட்டுல இருந்து கத்தறாங்க. பொம்பளைங்க, ஆம்பளைங்க, எல்லாரும். அத்தனை வருசம் என்னைய அடிச்சப்ப ஒருத்தரும் கத்துனதில்லை. அன்னைக்கு என்னத்துக்குக் கத்துனாங்கன்னு தெரியலை. பத்துப் பேரு சரிவுல உருண்டு பெரண்டு எறங்கி வந்தாங்க. பேக்கரிக்காரனுந்தான் வந்தான். அவன்தான் இரும்புக்கு அடியில கையக் குடுத்துத் தூக்குனான், இல்லைன்னு சொல்லலை. அவன் வெரல் ஒண்ணு நசுங்கிப் போச்சு.

தங்கவேலு தூணுகிட்டயே நின்னான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை, சாமி புண்ணியம். அந்தோணி ஓடியாந்து அவன் கையைத்தான் மொதல்ல பார்த்தான். புடிச்ச புடிய மீறிக் கயிறு ஓடுனா உள்ளங்கை தோலு உரிஞ்சுருமாமா, எலும்பு தெரியுமாமா. இவன் கையில ஒரு கீறல் இல்லை. அப்பறம் சுலோச்சனா வந்தா. அவளும் புருசன் கையைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பார்த்துட்டுக் கையைக் கீழ போட்டுட்டா. அன்னையில இருந்து அவனோட பேச்சு வார்த்தை இல்லை. இன்னைக்கு வரைக்கும்.

என்ன கேக்கறீங்க? ரெண்டு சுத்து சுத்தியிருந்தா எப்படி உழுந்துச்சுன்னா? நீங்களும் ஸ்டேசன் ஏட்டையா மாதிரியே கேக்கறீங்க. நைலான் கயிறு, வழுக்கும். மழை ஈரம். அன்னைக்கு வெயிலுங்கறாங்க, பனி ஈரம் இருக்காதா? ஏட்டையா கேட்டாரு, "ஏம்மா, கயித்தை விடுன்னு சொன்னியா, தம்பியை விடுன்னு சொன்னியா?" உடுன்னு சொன்னேன், அதை எழுதிக்குங்கன்னேன். "ஒம் பையன் கயித்தைப் பிரிச்சதப் பஸ் ஸ்டாப்புல இருந்தவங்க எல்லாரும் பார்த்திருக்காங்களே"ன்னாரு. அவங்களுக்குக் கண்ணுதான் இருக்குது, காது எனக்குத்தான் இருக்குதுன்னேன். நல்லாச் சொன்னேனில்லீங்க? தங்கவேலுக்கு வெச்ச வக்கீலய்யா கூடச் சிரிச்சாரு. அவரு எனக்குச் சொல்லிக் குடுக்கலைங்க, ஞாபகப்படுத்துனாரு. "நீங்க ஏதாச்சும் சொல்லியிருப்பீங்களேம்மா, யோசிச்சுப் பாருங்க, விடு கிடுன்னு"ன்னாரு. யோசிச்சேன். ஆமா, சொன்னேன்.

ஒரு புள்ளைக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொண்ணையும் குடுத்துட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க. கிட்டு எனக்குப் புள்ளை இல்லையா? அவனை நான்தான் முப்பது நாளு ஆஸ்பத்திரியில பார்த்தேன். பீ மூத்திரம் அள்ளுனேன். ஆனா ஒண்ணு சொல்லோணும், அவனுக்கு அண்ணன் மேல கோவமே கெடையாது. தங்கவேலு பக்கத்துல வந்தா போதும், கண்ணை இறுக்கி மூடிக்குவான், நாற்காலிக் கைப்புடிய வெரலு வெளுக்கற அளவுக்குப் புடிச்சுக்குவான். அத்தனை மரியாதை. சின்னதுல இருந்தே அப்படித்தான்.

சுலோச்சனாதான் ஒரு மாதிரியாப் போயிட்டா. பாயைத் தூக்கிட்டுப் போயி கிட்டு ரூமு வாசப்படியில குறுக்கால போட்டுப் படுத்துக்கறா. இந்த ஊட்டுக்குள்ள சிறுத்தையா வரப் போகுது? அவளையும் சாட்சிக்குக் கூப்புட்டு இருக்காங்க. "நான் கொல்லையில துணி காயப் போட்டுட்டு இருந்தேன்னு சொல்லு"ன்னேன். என்னைய ஒரு பார்வை பார்த்தா. "துணி அன்னைக்குக் காலையிலயே நீங்கதான் காயப் போட்டீங்க அத்தை"ங்கறா. எதிர்த்துப் பேசாத புள்ளை. எங்கிருந்து வந்துச்சு அந்தப் பேச்சு?

எப்படியோ, கூரை முடிஞ்சுது. கேஸு ஒரு பக்கம் நடக்கட்டும், திறந்து போட்டு வெக்க முடியுமா? அந்தோணி வர மாட்டேன்னுட்டான். தங்கவேலு ஜாமீன்ல வந்து குன்னூருல வேற ஆளப் புடிச்சு முடிச்சான். ஒழுகல் இல்லை, ஓட்டை இல்லை. நீங்க தாராளமா இருக்கலாம். துணி மாத்தலாம், படுக்கலாம், கத்தி அழுவலாம், மேல்ரோட்டுக்கு ஒண்ணுந் தெரியாது. நாற்பது வருசம் கழிச்சு இப்பத்தான் டீச்சர் எனக்கு நிம்மதி. இப்ப இந்தக் கையிலயே என்ன ஆச்சுன்னு ஊருக்குத் தெரியுமா? கறிவேப்பிலக்காரி கேட்டாளா? கேக்கலை. நீங்க கிட்ட இருக்கறீங்க, அதனால கேட்டீங்க. கதவுல இடிச்சதுதான். தங்கவேலு கதவைச் சாத்தும்போது நான் கையைக் கொண்டு போயிட்டேன். அன்னைக்கு அவனுக்குப் போட்ட சோறு சூடா இல்லை.

என்ன எந்திரிக்கறீங்க? அதுக்குள்ள என்ன அவசரம், காப்பி போடச் சொல்றேன். ரூமு புடிச்சுதா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லாம... என்ன? ஆமா, தூறல்தான். மலையில இப்படித்தான், வெயிலு காயும்போதே மழை வந்துரும். கிட்டு வெளிய இருக்கறான். நனைஞ்சா சளி புடிச்சுக்கும், மூச்சு உட முடியாது அவனால. இங்க முன்னாடியெல்லாம் உள்ள உக்காந்துட்டே வெயிலு காயலாம், இப்ப வெளியதான் கொண்டு போயி வெக்க வேண்டி இருக்குது.

தங்கவேலு... டேய் தங்கவேலு... வெறகு ஒடைச்சது போதும். மழை வருது பாரு, கிட்டு வாசல்ல...

வர்றியா? இல்லை, வேண்டாம். நீ இரு. கோடாலியக் கீழ வெய்யி. நீ வர வேண்டாம்னேன், வெறகை மூடு போ. அங்கயே நில்லு சாமி, அம்மா சொல்றேனில்ல.

நீங்க நவுருங்க டீச்சர், சித்த வழி உடுங்க. சுலோச்சனா... எங்க போனே, சுலோச்சனா... கையில மாவு இருந்தா இருக்கட்டும், அப்படியே ஓடியா. சீக்கிரம் வா கண்ணு, அவன் வாசலுக்குப் போறான். நீ முன்னால போ. நீ போயி கிட்டுவை உள்ள கொண்டா.